கூடுதல் ரேம் போட்ட பிறகு என் கோப்புகள் கெட்ட கதை

பழைய டெஸ்க்டாப்புக்கு ரேம் (வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) வாங்கப் போகிறீர்கள் என்றால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் ஆடிப்பெருக்கு நெருங்கிய சமயத்தில் நான் பட்ட பாட்டை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் எனக்கு மிஞ்சியிருக்கும். பணம்கூடப் பரவாயில்லை. பல வருஷமாக என்னை நம்பி வேலை கொடுக்கிற ஒரு பிரஸ்காரர் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றேனே, அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

நான் சிவகாசியில் வீட்டிலிருந்தபடியே காலண்டர் டிசைன் செய்து கொடுப்பவள். எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியிடுவது வழக்கம். அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஏஜெண்டுகள் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். அதனால் ஆனி பிறந்துவிட்டால் எங்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5-3470 பிராசஸர், எச்61 மதர்போர்டு. அதில் இரண்டே இரண்டு ரேம் ஸ்லாட். ஒன்றில் 4 ஜிபி டிடிஆர்3 (ரேமில் மூன்றாம் தலைமுறை) ரேம், இன்னொன்று காலி. தினசரிக் காலண்டர் அட்டைக்கு அது போதும். பெரிய சாமி படக் காலண்டர் வந்தால் திணறும். 20க்கு 30 அங்குலத் தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 6,000க்கு 9,000 பிக்சல், அதாவது 5.4 கோடி பிக்சல். அச்சுக்கு நான்கு நிறம், நிறத்துக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டால் ஒரே ஒரு லேயர் (படத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) 20 கோடி பைட்டைத் தாண்டிவிடும். பத்து லேயர் வைத்தாலே 2 ஜிபி காலி. போட்டோஷாப்பில் முருகனை ஒரு அங்குலம் நகர்த்திவிட்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வரலாம், அவ்வளவு மெதுவாக நகரும். புது கம்ப்யூட்டர் வாங்கக் கையில் காசு இல்லை. காலி ஸ்லாட் இருக்கிறது, அதில் ஒரு 8 ஜிபி போட்டால் 12 ஆகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

முதல் ரேமை இணையத்தில் வாங்கினேன். "8 ஜிபி டிடிஆர்3 1600 டெஸ்க்டாப் ரேம்", இதில் 1600 என்பது வேகம், விலை 1,150 ரூபாய். அதே அளவு ரேம் மற்ற இடங்களில் முந்நூறு, நானூறு ரூபாய் கூடுதலாக இருந்தது. வந்ததும் கரண்டைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, காலி ஸ்லாட்டில் சொருகினேன். இரண்டு பக்கமும் கொக்கி "க்ளக்" என்று விழுந்தது. சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றும் இல்லை. உள்ளே இருந்து நீளமாக பீப், சற்று இடைவெளி, மறுபடி பீப். புது ரேமை எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் ஓடுகிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் போட்டால் அதே பீப். ஸ்லாட்டை மாற்றினாலும் அதே. பயாஸ் (கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பேட்டரியைக் கழற்றி மாட்டியும் பார்த்தேன், அசையவில்லை.

விற்றவருக்கு எழுதினேன். "எங்கள் கம்ப்யூட்டரில் சோதித்துத்தான் அனுப்பினோம், ரேம் நன்றாக இருக்கிறது" என்று பதில். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அது ஏஎம்டி (இன்டெல் மாதிரி பிராசஸர் செய்யும் இன்னொரு கம்பெனி) போர்டில் மட்டும் வேலை செய்யும் ரேம். விளம்பரத்தின் அடியில், படங்களையெல்லாம் தாண்டி, விவரப் பட்டியலில் ஏதோ ஒரு வரியில் அதைப் போட்டிருந்தார்கள். தலைப்பில் இல்லை, படத்தில் இல்லை, ரேமின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் இல்லை. "பொருளில் குறை இல்லாதபோது திருப்பி எடுக்க முடியாது" என்று முடித்துவிட்டார்கள். 1,150 ரூபாய் போச்சு. ரேமில் இன்டெல்லுக்குத் தனி, ஏஎம்டிக்குத் தனி என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. விசாரித்துப் பார்த்ததில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவருக்கும் தெரியவில்லை.

இது ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகை ரேம் இன்னமும் மலிவு விலையில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பிராசஸரும் ரேமும் ஒரே நேரத்தில் 64 பிட் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) அகலத்தில் பேசிக்கொள்ளும். ரேம் பலகையில் இருக்கும் ஒவ்வொரு சிப்பும் அந்த 64இல் ஒரு பங்கைத் தரும். சாதாரண டெஸ்க்டாப் ரேமில் ஒரு சிப் 8 பிட் தரும். எட்டு சிப் சேர்ந்தால் 64. இப்படி எட்டு எட்டாக இரண்டு அணி இருந்தால் ஸ்டிக்கரில் 2ஆர்x8 என்று போட்டிருப்பார்கள். நான் வாங்கியதில் ஒரு சிப் 4 பிட்தான் தரும். பதினாறு சிப்பும் சேர்ந்தால்தான் ஒரு 64 வரும். அதற்குப் பெயர் 1ஆர்x4. இந்த 4 பிட் சிப்புகள் பெரும்பாலும் சர்வர் (நிறுவனங்களில் ஓயாமல் ஓடும் பெரிய கம்ப்யூட்டர்) ரேம்களில் இருப்பவை. அந்தக் காலத்து ஏஎம்3, ஏஎம்3+, எஃப்எம்2 போர்டுகளில் இருந்த ஏஎம்டி பிராசஸர்கள் இவற்றை ஏற்றுக்கொள்ளும். இன்டெல்லின் டெஸ்க்டாப் பிராசஸர்கள் ஏற்காது. பயாஸை அப்டேட் செய்தாலும் ஏற்காது, ஏனென்றால் ரேமோடு பேசும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது.

பார்த்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். சாதாரண 8 ஜிபி டிடிஆர்3 ரேமிலும் பதினாறு சிப்தான், இதிலும் பதினாறு சிப்தான். எண்ணிப் பார்த்து ஒன்றும் தெரியாது. சிப்பின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். சாம்சங் சிப் என்றால் கே4பி4ஜி0846 என்று ஆரம்பித்தால் 8 பிட், நமக்கு ஆகும். கே4பி4ஜி0446 என்றால் 4 பிட், ஆகாது. ஹைனிக்ஸ் சிப்பில் எச்5டிக்யூ4ஜி83 என்றால் ஆகும், எச்5டிக்யூ4ஜி43 என்றால் ஆகாது. மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் படிக்க முடியும். சிப்பின் எண்ணை அழித்திருந்தாலோ, மேலே தகடு மூடி ஒட்டியிருந்தாலோ, ஸ்டிக்கரில் 2ஆர்x8 என்ற வரியே இல்லை என்றாலோ, எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

இதே மாதிரி இன்னொரு கண்ணி சர்வர் ரேம். பழைய சர்வர்களில் இருந்து கழற்றிய 8 ஜிபி, 16 ஜிபி ரேம்கள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. ஸ்டிக்கரில் பிசி3-12800 என்பதற்கு அடுத்து யு என்று இருந்தால் டெஸ்க்டாப், ஆர் என்று இருந்தால் சர்வர். அந்த ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். டிடிஆர்3இல் ஒற்றை 16 ஜிபி ரேம் என்று விற்பதும் என்னுடையது மாதிரி மூன்றாம் தலைமுறை இன்டெல்லுக்கு ஆகாது. ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் எல்லை. இரண்டு ஸ்லாட் உள்ள எச்61 போர்டில் மொத்தம் 16 ஜிபிக்கு மேல் ஏறாது.

சரி, இனி இணையம் வேண்டாம் என்று முடிவு செய்து ஊரிலேயே ஒரு சர்வீஸ் கடையில் 1,400 ரூபாய்க்குப் பழைய 8 ஜிபி ரேம் வாங்கினேன். டிடிஆர்3, 1600, 2ஆர்x8, எல்லாம் சரியாக இருந்தது. கேபினெட்டையே கொண்டுபோயிருந்தேன். கடைக்காரத் தம்பி ஏற்கெனவே இருந்த 4 ஜிபிக்குப் பக்கத்தில் சொருகினார். திரை வந்தது. விண்டோஸில் 12 ஜிபி என்று காட்டியது. "பாருங்கக்கா, ஏறிடுச்சு" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்து முருகன் படத்தைத் திறந்து இழுத்துப் பார்த்தேன். கையோடு கூடவே வந்தது.

இங்கேதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. ஓடாத ரேம் உங்கள் பணத்தை மட்டும்தான் தின்னும். ஓடுகிற மாதிரி ஓடி, அவ்வப்போது ஒரு பிட்டை மாற்றிவிடுகிற ரேம் உங்கள் வேலையையே தின்றுவிடும். முதலில் போட்டோஷாப் திடீரென்று மூடிக்கொண்டது. எப்போதாவது நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன். அடுத்து விண்டோஸ் நின்றுபோய் நீலத் திரை வந்தது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் கழித்து மறுபடி. பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்த ஒரு மீனாட்சி கல்யாணப் படத்தின் கோப்பு காலையில் திறக்கவே இல்லை. கோப்பு சேதமடைந்திருக்கிறது என்று ஒரு வரி செய்தி, அவ்வளவுதான். அழுகையே வந்துவிட்டது. அதை முதலில் இருந்து மறுபடி செய்தேன்.

யாரைக் கேட்டாலும் ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் என்றார்கள். கோப்பு கெட்டால் கோப்பு இருக்கிற இடத்தைத்தானே சந்தேகப்படத் தோன்றும்? 1,900 ரூபாய்க்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) வாங்கினேன். விண்டோஸைப் புதிதாக ஏற்ற 500 ரூபாய். ஏற்றும்போதே பாதியில் ஒரு தடவை பிழை காட்டி நின்றது. டெக்னீஷியன் மறுபடி ஆரம்பித்து ஏற்றிவிட்டார். அந்தப் பிழைதான் பெரிய துப்பு என்பது பின்னால் தெரிந்தது. புது எஸ்எஸ்டி, நல்ல பென்டிரைவ், அப்படியும் விண்டோஸ் ஏறும்போது கோப்பு கெடுகிறது என்றால் நடுவில் இருக்கிற ரேம்தான் சந்தேகத்துக்குரியது. நானும் கேட்டேன், ரேம் மாற்றிய பிறகுதானே இதெல்லாம் என்று. "ரேம் கெட்டிருந்தா டிஸ்பிளேவே வராதுக்கா" என்று அடித்துச் சொல்லிவிட்டார். இந்த வாக்கியத்தை இதற்கு முன்னும் பின்னும் பலர் வாயால் கேட்டுவிட்டேன். அது தவறு. திரை வருவதற்கும் விண்டோஸ் திறப்பதற்கும் ரேமில் கொஞ்ச இடம் ஒழுங்காக இருந்தால் போதும்.

அப்புறம் அந்த போன். ஒரு பெரிய முருகன் காலண்டருக்குக் கோப்பை அனுப்பி, பிளேட் போட்டு, மெஷினில் ஏற்றி முதல் தாள்களை எடுத்துவிட்டார்கள். "என்னம்மா, சாமி நெத்திக்குக் கீழ பச்சையா ஒரு பட்டை விழுந்திருக்கு, பாக்காமயா அனுப்புன?" என்று அந்த பிரஸ்கார அண்ணாச்சி கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு வரிசைக்குக் கீழே நிறம் பிசகி, மெல்லிய பட்டையாகக் கிடந்தது. என் திரையில் நான் பார்த்தபோது அது இல்லை. கடைசியாகச் சேமித்தபோதுதான் விழுந்திருக்கிறது. நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட், 1,600 ரூபாய். அதை நானே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக் கொடுத்தேன். மெஷின் சும்மா நின்ற நேரத்துக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. சீசன் நேரத்தில் அந்த நேரத்தின் மதிப்பு என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

ரேம் எப்படிக் கோப்பைக் கெடுக்கும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. நீங்கள் சேமிக்கிற எதுவும் ரேமில் இருந்துதான் டிஸ்க்குக்குப் போகிறது. நடுவில் இருக்கிற கணக்குப்பிள்ளை ஆயிரத்தில் ஒரு தடவை 3ஐ 8 என்று எழுதுகிறவராக இருந்தால், பேரேடு எவ்வளவு நல்ல தாளில் இருந்து என்ன பயன்? டிஸ்க் தனக்கு வந்ததை அப்படியே உண்மையாக எழுதி வைத்துக்கொள்ளும். சாதாரண டெஸ்க்டாப் ரேமில் பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிற வசதி கிடையாது. சர்வர்களுக்குத்தான் அது வழக்கம். ஒரு கோப்பை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் காப்பி செய்தாலும் அது ரேம் வழியாகத்தான் போகிறது. பாதுகாப்புக்கு என்று எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் நான் எடுத்து வைத்திருந்த நகல்களிலும் சில கெட்டிருந்தன. அதைக் கண்டுபிடித்த அன்று கை கால் ஓடவில்லை.

கடைசியில் நானே ராத்திரி ராத்திரியாகப் படித்து, மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளைக் கண்டுபிடித்தேன். இலவசம். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் விண்டோஸ் இல்லாமலே ரேமின் எல்லா இடத்திலும் எழுதிப் படித்து எழுதிப் படித்துச் சரிபார்க்கும். முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. நல்லவேளையாக அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒன்றிரண்டுதானே" என்று விடக்கூடாது. அதே மாதிரி முதல் சுற்று சுத்தமாக வந்ததும் நிறுத்திவிடக் கூடாது, குறைந்தது ஒரு ராத்திரி ஓட விடுங்கள். விண்டோஸிலேயே ஒரு ரேம் சோதனை இருக்கிறது, அவசரத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் என் கம்ப்யூட்டரில் அது எல்லாம் நலம் என்றுதான் சொன்னது.

அப்புறம் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகச் சோதித்தேன். 4 ஜிபி தனியாக ஓடினால் பிழை இல்லை. 8 ஜிபி தனியாக ஓடினாலும் பிழை இல்லை. ஸ்லாட்டை மாற்றிப் போட்டாலும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் மட்டும் பிழை. ஆக, எந்த ரேமும் கெட்டதில்லை, ஸ்லாட்டும் கெட்டதில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பழையது 1333 வேகம், ஒரு பக்கம் மட்டும் சிப். புதியது 1600, இரண்டு பக்கமும் சிப். இரண்டைச் சேர்த்துப் போட்டால் போர்டு மெதுவானதன் வேகத்துக்கு, அதாவது 1333க்கு இறங்கி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு நேரக் கணக்கைத் தானாக வைத்துக்கொள்ளும். பெரும்பாலான நேரம் இது ஒழுங்காகவே நடக்கும், கலந்து போட்டு வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நடக்கவில்லை. பயாஸில் வேகத்தை 1066க்கு இறக்கிப் பார்த்தேன், பிழை நின்றது. ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. சாமி நெற்றியில் பட்டை விழுந்ததைப் பார்த்த பிறகு "இப்போதைக்கு ஓடுகிறது" என்பது போதாது. பழைய 4 ஜிபியைக் கழற்றி வைத்துவிட்டு 8 ஜிபியை மட்டும் வைத்து ஆடி வேலையை முடித்தேன். இரண்டு ரேம் சேர்ந்து ஓடும்போது கிடைக்கிற இரட்டைப் பாதை வேகம் இல்லைதான். முதலிலேயே 12 கேட்காமல் 8 மட்டும் போட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது, பாருங்கள்.

ரேமில் பிழை இருந்தது உறுதியானால் ரேமை மாற்றுவதோடு வேலை முடியாது. அந்த ரேம் உள்ளே இருந்த நாட்களில் சேமித்த, காப்பி செய்த ஒவ்வொரு கோப்பும் சந்தேகத்துக்குரியது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஜிப் கோப்புகளைச் சரிபார்ப்பது சுலபம், ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளே ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும், 7-ஜிப்பில் சோதிக்கச் சொன்னால் கெட்டதைக் காட்டிவிடும். ஜேபெக் படம் கெட்டால் பெரும்பாலும் ஓர் இடத்துக்குக் கீழே நிறம் மாறியோ சாம்பலாகவோ தெரியும், கண்ணால் பிடித்துவிடலாம். சுருக்காமல் சேமித்த டிஃப் படம்தான் ஆபத்து. எங்கோ ஒரு புள்ளி மட்டும் நிறம் மாறியிருக்கும், திறக்கும்போது எந்தப் பிழையும் காட்டாது. அச்சாகும்வரை தெரியாது. நான் வாடிக்கையாளர்கள் கொடுத்த மூலப் படங்களை அவர்களிடமிருந்தே மறுபடி வாங்கிக் காப்பி செய்துகொண்டேன். விண்டோஸையும் இன்னொரு தடவை புதிதாக ஏற்றினேன், பிழையோடு ஓடிய ரேமை வைத்து ஏற்றிய விண்டோஸை எப்படி நம்புவது? கேட்க வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் "அம்மா, கம்ப்யூட்டர்ல கோளாறு, படத்தை இன்னொரு தடவை அனுப்புறீங்களா" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்கவில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு. பல கேபினெட்டில் இப்போது பீப் ஸ்பீக்கரே வருவதில்லை. முப்பது ரூபாய் இருக்கும், ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், திரை வராத நேரத்தில் அது ஒன்றுதான் உங்களோடு பேசும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ரேமின் தயாரிப்பாளர், பகுதி எண், வேகம் எல்லாம் தெரியும். அதில் 1333 ரேமுக்கு 667 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம், டிடிஆரில் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 12 ஜிபி போட்டும் பயன்படுத்தக்கூடியது 3 ஜிபி சொச்சம் என்று விண்டோஸ் காட்டினால், முதலில் அது 32 பிட் விண்டோஸா என்று பாருங்கள். டிடிஆர்3எல் என்று எழுதிய 1.35 வோல்ட் ரேம் 1.5 வோல்ட் போர்டிலும் ஓடும். ஆனால் 1.35 மட்டுமே தருகிற போர்டில் 1.5 வோல்ட் ரேமைப் போடக்கூடாது.

புது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தலைவலி வேறு உருவத்தில் இருக்கிறது. ஐ5-10400 மாதிரி பிராசஸரை எச்410 போர்டில் போட்டு 3200 வேக டிடிஆர்4 ரேம் வாங்கினால் அது 2666இல்தான் ஓடும். ரேம் போலி என்று கடையில் சண்டை போட வேண்டாம், எல்லை அங்கே இருக்கிறது. டிடிஆர்5இல் நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்புவது இன்னும் மோசம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டியே கொடுத்திருக்கும் கணக்குப்படி இரண்டு ரேம் போட்டால் 5200 வேகம், நான்கு போட்டால் 3600தான். 32 ஜிபி வேண்டுமானால் இரண்டு 16 ஜிபி வாங்குங்கள், நான்கு 8 ஜிபி வேண்டாம். டிடிஆர்5 புதிதாகப் போட்டதும் திரை கறுப்பாகவே சில நிமிஷம் இருக்கும். ரேமோடு ஒத்துப்போகிற கணக்கைப் போர்டு அப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். பயந்துபோய் கரண்டைப் பிடுங்கிவிடாதீர்கள்.

சீசன் முடிந்து கையில் கொஞ்சம் காசு வந்ததும் இன்னொரு 8 ஜிபி வாங்கப் போனேன். இந்தத் தடவை என்னிடம் இருந்த 8 ஜிபியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதே பகுதி எண் உள்ள ரேம்தான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டேன். ரேமை இரட்டையாக ஒரே பெட்டியில் விற்பதே இதற்காகத்தான், இரண்டையும் சேர்த்துச் சோதித்துத் தருகிறார்கள். பழைய ரேமில் அது கிடைக்காது என்பதால் குறைந்தது எண்ணாவது ஒன்றாக இருக்க வேண்டும். முதல் கடையில் "எல்லா டிடிஆர்3யும் ஒண்ணுதான்மா" என்றார்கள், வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். "அண்ணே, ராத்திரி முழுக்க சோதிச்சுப் பார்ப்பேன், ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொண்டுவருவேன். ஏழு நாளைக்குள்ள மாத்தித் தர்றதா பில்லிலயே எழுதிக் கொடுங்க" என்று கேட்டேன். எழுதிக் கொடுத்தார்கள். மெம்டெஸ்ட் இரண்டு ராத்திரி ஓடியும் ஒரு சிவப்பு வரி வரவில்லை, அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளர் கோப்பு ஒன்றைத் திறந்தேன்.